பொன்னுசாமி அண்ணனின் கொட்டாவி

யாராவது கொட்டாவி விட்டால் எனக்கு இன்னமும் கை பரபரக்கும். போன மாதம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெரியவர் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். என் விரல்கள் அவருடைய மணிக்கட்டைத் தேடிப் போய்விட்டன. மனிதர் மிரண்டு கையை இழுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க, அத்தை டயாலிசிஸ்ல இருந்தவங்க" என்று என் மருமகள் சமாதானம் சொன்னாள். அவர் நான்தான் நோயாளி என்று புரிந்துகொண்டார். பந்தியில் என் இலைக்கு ஜாங்கிரி வந்தபோது, "அந்தம்மாவுக்கு வேண்டாமுங்க" என்று பரிமாறுபவரைத் திருப்பி அனுப்பியும் விட்டார்.

பத்தொன்பது வருடம் நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே புது மெஷின்கள் வந்திருக்கின்றன. இரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிறதாம். பிரஷர் இறங்குவதற்கு முன்பே மணி அடிக்கிறதாம். பிரிவின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்ட பெண்கள், "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றார்கள். முகத்தைப் பார்த்து என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தியது. முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்த கதையும் என்னிடம் இருக்கிறது. எழுதினால் அதைத்தான் எழுத வேண்டும்.

என் பூர்வீகம் சேலம் அம்மாபேட்டை. வீட்டில் எல்லோரும் தறியில் இருந்தார்கள். நான் மட்டும் ஊசி பிடிப்பேன் என்று அடம்பிடித்து நர்சிங் படித்தேன். படிப்பு முடிந்து பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர், எலும்பு முறிவு வார்டு என்று சுற்றியது பன்னிரண்டு வருடம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்கு வேலை தெரியும் என்ற திமிர் அங்கேதான் வந்தது. அந்தத் திமிரோடுதான் டயாலிசிஸ் பிரிவுக்குள் நுழைந்தேன்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் சரோஜினி சிஸ்டர். ஆத்தூர்க்காரர், ஒல்லியான உடம்பு, குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டில்களுக்கு நடுவே நடக்கும்போது ஒவ்வொருவர் கால் பெருவிரலையும் தொட்டுக்கொண்டே போவார். வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பத்துக் கட்டில், நான்கு மணி நேரம், அரை மணிக்கு ஒரு நடை. எத்தனை தடவை அந்த விரல்களைத் தொட்டிருப்பார் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொடுதலில் என்ன இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது. சிறுநீரகம் கைவிட்ட உடம்பில், குடிக்கிற தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. தசையிலும் தோலுக்கடியிலும் தேங்கும், காலில் இறங்கும், மிஞ்சினால் நுரையீரலுக்கு ஏறும். இரண்டு மூன்று நாளில் சேர்ந்ததை நாங்கள் நான்கு மணி நேரத்தில் எடுப்போம். ஆனால் மெஷின் தேங்கிய இடத்திலிருந்து எடுப்பதில்லை, இரத்தத்திலிருந்துதான் எடுக்கும். இரத்தத்தில் குறைவதைச் சுற்றியுள்ள தசை ஊறி ஊறி நிரப்ப வேண்டும். கிணற்றில் மோட்டார் போட்டவர்களுக்கு இது தெரியும். ஊற்றைவிட மோட்டார் வேகமாக இறைத்தால் கிணறு தரை தட்டிவிடும்.

அப்படிக் குறையும்போது உடம்பு சும்மா இருக்காது. கழுத்து நாளத்திலும் இதயத்துப் பக்கத்திலும் காவல் இருக்கிற நரம்புகள் முதலில் மோப்பம் பிடிக்கும். இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லும். கை காலுக்குப் போகிற சிறு குழாய்களை இறுக்கச் சொல்லும். அங்கே மிச்சமாகிற இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திரும்பும். அதனால் பிரஷர் கருவியில் எண் நன்றாகவே இருக்கும்போதே கால் விரல் சில்லிட்டுப் போகும். சரோஜினி சிஸ்டர் தொட்டுப் பார்த்தது அதைத்தான். உடம்பு தன்னால் ஆனதையெல்லாம் செய்து முடித்து, இனி முடியாது என்று வருகிறபோது, பலருக்கு முதலில் வருவது கொட்டாவி. அதன் பின்னால் வியர்வை, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு, கண் சொருகல். கொட்டாவிக்கும் கண் சொருகலுக்கும் நடுவே இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்குள் தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, தலையணையை உருவி, காலை உயர்த்தி, சலைனைத் திறந்தாக வேண்டும்.

கூட வந்தவர்கள் இந்த நேரத்தில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. மயங்குகிறவரைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவுவார்கள். உட்காரவைத்தால் தலைக்கு ஏறுகிற கொஞ்ச இரத்தமும் காலுக்கு இறங்கிவிடும். எத்தனை மகன்களின் கையைப் பிடித்து நான் விலக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. என்னை அடங்காப்பிடாரி என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும், அவர்கள் அப்பாக்கள் எழுந்து நடந்து போனார்கள்.

இனி பொன்னுசாமி அண்ணன். மோகனூர் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் ஷெட் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயது இருக்கும். முதல் நாள் அவரை அவர் மனைவி பாவாயி அக்கா கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது, முகமும் காலும் வீங்கி, கை குச்சியாக இருந்தார். ஒரு மாதத்தில் தண்ணீரெல்லாம் வடிந்த பிறகு டாக்டர் அவருக்கு டிரை வெயிட் நிர்ணயித்தார். அதாவது அதிகப்படித் தண்ணீர் துளியும் இல்லாத எடை. ஐம்பத்தெட்டு கிலோ. அதை நான் விளக்கியதும், "ஓ, கடலைக்காயி மாதிரிங்களா. காஞ்ச எடை" என்றார். அன்றிலிருந்து பிரிவில் எல்லா நோயாளிக்கும் அது காஞ்ச எடை ஆகிவிட்டது. வந்ததும் எடை பார்ப்போம், அதில் காஞ்ச எடையைக் கழிப்போம், மீதியை மெஷினில் போடுவோம். ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர்.

செவ்வாயும் வெள்ளியும் அவருடைய நாள். முதல் ஐந்தாறு மாதம் தங்கமாகப் போயிற்று. அப்புறம் ஆரம்பித்தது கோளாறு. அறுபது கிலோவில் வந்தார், பிறகு அறுபதரை, பிறகு அறுபத்தொன்று. மூன்றாவது மணியில் கொட்டாவி, காலில் பிடிப்பு, வாந்தி. நாங்கள் சலைன் கொடுப்போம், எடுக்க வேண்டியதை எடுக்காமல் நிறுத்துவோம். அடுத்த முறையும் அதே எடை, அதே கதை. மெஷினில் ஓடும் திரவத்தின் சூட்டைக் குறைத்துப் பார்த்தோம், நடுவில் இட்லி சாப்பிடுவதை நிறுத்தினோம். சாப்பிட்டால் இரத்தம் வயிற்றுப் பக்கம் போய்விடும் என்பதால் அது. எதுவும் கேட்கவில்லை.

எனக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்தது. மனிதர் தண்ணீர் குடிக்கிறார்.

"ஏனுங்கண்ணா, மூணு நாளைக்கு மூணு லிட்டரு ஏறியிருக்குது. என்ன குடிச்சீங்க?"

"ஒரு நாளைக்கு மூணு டம்ளருங்க. கோழிக்கு மருந்து அளக்கற குப்பியிலதான் அளந்து குடிக்கறனுங்க."

"மிசின் பொய் சொல்லுமாங்க?"

"மிசினு என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. நான் குடிக்கலீங்க."

"அக்கா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. பொய் சொன்னா சாவறது இவருதான், நானில்லை" என்றேன், பாவாயி அக்கா பக்கம் திரும்பி. பத்துக் கட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது. பொன்னுசாமி அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அவருடைய குறிப்பேட்டில், "நோயாளிக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லை" என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது ஒரு வெள்ளிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. போன் செய்தால் பாவாயி அக்கா எடுத்து, "இனி வரலைன்னு சொல்றாருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். சிலருக்குப் பத்து நாள், சிலருக்கு அதுவும் இல்லை.

சரோஜினி சிஸ்டர் குறிப்பேட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். நான் எழுதிய வரியில் விரல் இருந்தது.

"அவர் தண்ணி குடிச்சதை நீ பாத்தியா?"

"இல்லை சிஸ்டர். ஆனா எடை..."

"பாக்காததை ஏன் எழுதுன?"

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன். அன்று சாயங்காலம் பழைய தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன வெள்ளிக்கிழமை வந்தபோது அறுபத்தொன்று. அதில் ஐம்பத்தெட்டைக் கழித்து மூன்று லிட்டர் குடித்தார் என்று குற்றம் சாட்டியிருந்தேன். ஆனால் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அவர் இங்கிருந்து கிளம்பியபோது என்ன எடை? ஐம்பத்தொன்பதே முக்கால். மயக்கம் வந்து பாதியில் நிறுத்தியதால் ஐம்பத்தெட்டுக்கு அவர் போகவே இல்லை. அப்படியென்றால் மூன்று நாளில் ஏறியது ஒன்றே கால் கிலோ. அது மூன்று டம்ளர் கணக்குக்குச் சரியாக வந்தது. மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை. கழிக்க வேண்டிய எண்ணை மாற்றிக் கழித்துவிட்டு ஒருவரைப் பொய்யர் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஐம்பத்தெட்டுக்கு மேலே மிச்சம் இருப்பது தண்ணீர் இல்லையென்றால் என்ன? மறுநாள் புதன், எனக்கு வார விடுமுறை. என் பழைய கைப்பிரஷர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு மோகனூர் பஸ் ஏறினேன். அவரைக் கூட்டிக்கொண்டு வராமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பண்ணைக்குள் நுழையும்போதே வெயில் கொளுத்தியது. ஷெட்டின் கூரை மேல் குழாய் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. பொன்னுசாமி அண்ணன் வால்வு பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். என்னதான் கோபம் என்றாலும், "வாங்க" என்று சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. பாவாயி அக்கா மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

"சாவறதுன்னா இங்கயே சாவறனுங்க" என்றார் அண்ணன். "அங்க வந்து, வாந்தியெடுத்து, மூட்டையாட்டத் தூக்கிட்டு வந்து ஊட்டுல போடறாங்க. ரெண்டு நாளு எந்திரிக்க முடியறதில்ல. அதோட பொய்யன்னு பேரும் வாங்கோணுமுங்களா?"

"நீங்க பொய் சொல்லலீங்கண்ணா. நாந்தான் தப்பாக் கழிச்சுப்போட்டேன். தப்பு என்னுதுங்க" என்றேன். அவர் கூரைத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"எதுக்குங்க இப்பத் தொறக்கறீங்க?"

"அதா, அந்த மூலைக் கோழி வாயைத் தொறக்குது பாருங்க. இறக்கையத் தூக்கி, கொண்டைக்கு ரத்தத்த ஏத்தி, சூட்ட எறக்கப் பாக்கும். அதுலயும் முடியலீன்னா வாயத் தொறந்து எளைக்கும். அப்பப் பாக்காம உட்டுட்டா உழுந்துரும்."

நான் கொட்டாவிக்கு ஓடுவதும் இவர் இதற்கு ஓடுவதும் ஒரே வேலைதான் என்று தோன்றியது. அதைச் சொன்னேன். முதன்முறையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. கையைக் கொடுங்கள் என்றேன், கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மெஷினோடு இருக்கும் பட்டையை டெக்னீஷியன் கட்டிவிடுவார், நாங்கள் பொத்தானை அழுத்துவோம். என் கையால் இவருக்குப் பட்டை சுற்றி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் மாதத்தில் இதே கருவியில் பார்த்தபோது குச்சிக் கையைச் சுற்றிப் பட்டை மிச்சம் தொங்கியது. இப்போது முனை ஒட்டுவதற்கே இடம் பத்தவில்லை. பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது. ஐந்து நாள் டயாலிசிஸ் இல்லாமல், தண்ணீர் நிரம்பிய உடம்பாக இருந்தால் எகிறியிருக்க வேண்டும். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன், பள்ளம் விழவில்லை. கயிற்றுக்கட்டிலில் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கச் சொன்னேன். மூச்சு வாங்கவில்லை.

"அக்கா, இவரு என்ன சாப்படறாரு?"

"நீங்க சொன்னதுதானுங்க. வெள்ளைக்கரு. காலைல நாலு, பொழுதோட நாலு. மஞ்சக்கருவ நாய் திங்குது." கொஞ்சம் யோசித்துவிட்டு பாவாயி அக்காவே தொடர்ந்தார். "ஆடிப் பதினெட்டுக்கு அரணாக்கவுறு பத்தலீன்னு மூணு விரக்கடை நீளமாக் கட்டுனமுங்க. அதச் சொல்லோணுமுங்களா?"

சொல்லோணும் அக்கா, சொல்லோணும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சத்துப் போதவில்லை, முட்டை வெள்ளைக்கரு சாப்பிடுங்கள் என்று முதல் மாதத்தில் சொன்னவளே நான்தான். நாமக்கல்லில், அதுவும் கோழிப் பண்ணையில் இருப்பவரிடம் அதைச் சொல்லிவிட்டு மறந்துபோயிருக்கிறேன். அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. மனிதருக்குச் சதை போட்டிருக்கிறது. காஞ்ச எடை ஏறியிருக்கிறது. நாங்கள் அந்தச் சதையைத் தண்ணீர் என்று நினைத்து இரத்தத்திலிருந்து இறைத்துக்கொண்டிருந்தோம். இல்லாத தண்ணீருக்கு அவர் உடம்பு எங்கே போகும்? கை காலை இறுக்கி, இதயத்தை விரட்டி, ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அது போராடியிருக்கிறது. நான் அதற்குப் பெயர் வைத்தேன், கட்டுப்பாடு இல்லை என்று.

"நாளைக்கு வாங்கண்ணா. உங்க நாள் இல்லாட்டியும் கட்டில் நான் வாங்கித் தாரேன். ஒரே ஒரு தடவை. கொட்டாவி வந்துதுன்னா அப்புறம் நானா உங்களைக் கூப்பிட மாட்டேன்."

அவர் பாவாயி அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையை அவிழ்த்துவிட்டு, "வாரமுங்க" என்றார்.

பஸ்ஸிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சேலத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வருபவர். வெள்ளிக்கிழமை வரும்போது பார்க்கலாம் என்றார். விடவில்லை நான். பட்டை, கணுக்கால், மல்லாக்கப் படுத்த மூச்சு, கிளம்பிய எடை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அரைஞாண் கயிற்றையும் சொன்னதும், "நீங்க எவ்வளவு நினைக்கிறீங்க சிஸ்டர்?" என்றார். அறுபதரை என்றேன். "சரி, அறுபதரை வச்சு மெதுவா எடுங்க. மூச்சு வாங்கினா, பிரஷர் ஏறினா உடனே கூப்பிடணும்" என்றார்.

வியாழக்கிழமை வந்த எடை அறுபத்திரண்டு. ஒன்றரை லிட்டர் என்று மெஷினில் போட்டேன். பட்டையை என் கையாலேயே கட்டினேன். முதல் மணி, இரண்டாம் மணி, ஒன்றும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வீராப்பாகப் பேசிவிட்டு வந்திருக்கிறேன், தப்பாகப் போனால் இவர் இனி இந்தப் படி ஏற மாட்டார்.

மூன்றாவது மணியில் பொன்னுசாமி அண்ணன் வாயைப் பிளந்து பெரிய கொட்டாவி ஒன்று விட்டார்.

நான் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. பாவாயி அக்கா, "ஐயோ சாமி" என்று ஓடி வந்தார். ஒரு கையால் தலையணையை உருவி, மறு கையால் பிரஷர் பொத்தானை அழுத்தினேன். சரோஜினி சிஸ்டர் எங்கிருந்தோ வந்து கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டை இறுகித் தளர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. நூற்றிமுப்பதுக்கு எண்பது.

"வெதுவெதுன்னு இருக்கு" என்றார் சிஸ்டர், விரலை விடாமல்.

"ஏனுங்கண்ணா, என்ன பண்ணுது? தலை சுத்துதுங்களா? குமட்டுதுங்களா?"

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணும் பண்ணலீங்க அம்மிணி. தூக்கம் வருதுங்க. தலகாணியக் குடுங்க."

தலையணையை அவர் தலைக்கடியில் திரும்ப வைத்தேன். இரண்டு நிமிடத்தில் குறட்டை வந்தது. பாவாயி அக்கா என் தோளில் சாய்ந்து ஒரு மூச்சு அழுதார். நானும் அழுதேன் என்பதை இந்த மலரைப் படிக்கப்போகிற பெண்களுக்குச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் டாக்டர் அவருடைய காஞ்ச எடையை இன்னும் இரண்டு தடவை ஏற்றினார். நான் ஓய்வு பெற்ற அன்றுகூட, அவர் ஓர் அட்டை முட்டையோடு வந்து, தன் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுவிட்டுத்தான் போனார்.

அந்த வியாழக்கிழமை சிஸ்டர் குறிப்பேட்டைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். முந்தைய பக்கத்தில் என் பழைய வரி அப்படியே இருந்தது. அதை அடிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பேனாவை மட்டும் நீட்டினார். நான் எழுதினேன்: "மூன்றாம் மணி. கொட்டாவி. பிரஷர் 130/80. கால் விரல் வெதுவெதுப்பு. பார்த்தேன், தூங்குகிறார்."